டார்ட்டன் தெரிவு: குடும்பப் பெயரா, ஊரா, பொதுக் கட்டமா?

ஸ்காட்லாந்தில் ஒரு திருமணத்துக்கோ பட்டமளிப்பு விழாவுக்கோ கில்ட் (ஸ்காட்டிய ஆண்கள் இடுப்பில் அணியும் மடிப்பு வைத்த உடை) உடுத்திப் போக வேண்டும் என்று ஆனவுடன், இடுப்பளவும் விலையும் பின்னால் போய், எந்த டார்ட்டனை, அதாவது எந்த நிறக் கட்டம் போட்ட துணியை, உடுத்துவது என்ற கேள்வி முன்னால் வந்து நின்றுகொள்கிறது. இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் மூன்று வகையினர். ஃப்ரேசர், கேம்பெல், மெக்டொனால்ட் என்று ஸ்காட்டியக் குடும்பப் பெயரைத் தலைமுறைகளாகக் கொண்டிருந்தும் அந்நாட்டைப் பார்த்திராதவர்கள் ஒரு வகை. சென்னையிலும் கோலார் தங்கவயலிலும் வாழ்ந்த ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் சிலவும் இதில் அடங்கும். ஸ்காட்டியக் குடும்பத்தோடு மண உறவு கொண்டவர்கள் இரண்டாம் வகை. படிப்புக்காகவோ வேலைக்காகவோ கிளாஸ்கோவிலும் அபர்டீனிலும் தங்கியிருக்கும், இரத்த உறவு எதுவும் இல்லாதவர்கள் மூன்றாம் வகை. மூவருக்கும் அச்சம் ஒன்றுதான்: நமக்கு உரிமையில்லாத ஒன்றை உடுத்திக்கொண்டு சபையில் போய் நிற்கிறோமோ?

சட்டத்தைப் பொறுத்தவரை அந்த அச்சத்துக்கு ஏறக்குறைய இடமில்லை. யார் எந்த டார்ட்டனை உடுத்தலாம் என்று வகுக்கும் சட்டம் ஸ்காட்லாந்தில் கிடையாது. ஆனால் உடுத்திப் போனவரிடம் விருந்து முடிவதற்குள் இரண்டு மூன்று பேராவது "இது என்ன டார்ட்டன்?" என்று கேட்பார்கள்; குற்றம் கண்டுபிடிக்கும் கேள்வி அன்று, பேச்சைத் தொடங்கும் கேள்வி. அதற்குக் கூச்சமில்லாமல், உண்மையாக, ஒரே வாக்கியத்தில் சொல்லக்கூடிய விடை எந்தத் தெரிவில் கிடைக்கிறது என்று பார்ப்பதே சரியான வழி என்பது என் கருத்து. குடும்ப உறவு அத்தகைய விடைகளுள் ஒன்று. எப்போதும் அதுவே வலுவான விடை என்று சொல்வதற்கில்லை.

## எவற்றை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல் உறவின் உண்மை. பெயரோ, ஊரோ, பணியோ, பயின்ற கல்லூரியோ, உடுத்துபவருக்கும் அந்தக் கட்டத்துக்கும் இடையில் மெய்யான ஒரு தொடர்பு இருக்க வேண்டும். இல்லாவிட்டால், யாருக்கும் தனியுரிமை இல்லாத கட்டமாக அது இருக்க வேண்டும். இரண்டாவது இசைவு: அந்த டார்ட்டனுக்கு உரியவர் என்று யாராவது இருக்கிறார்களா, அவர்கள் பிறர் உடுத்துவதை எப்படிப் பார்க்கிறார்கள் என்பது. மூன்றாவது துணி: ஆலைகளில் எப்போதும் நெய்து வைத்திருக்கும் துணியா, சொல்லி நெய்விக்க வேண்டியதா? மறைந்திருக்கும் செலவுகளில் பெரும்பாலானவை இங்கேதான் இருக்கின்றன. நான்காவது, வாழ்நாளில் எத்தனை முறை, எந்த வடிவில் உடுத்தப்போகிறோம் என்பது. ஒரு நாள் வாடகைக் கில்ட்டுக்கும், மகனுக்குக் கொடுத்துச் செல்ல நினைக்கும் எட்டு யார்டு கம்பளிக் கில்ட்டுக்கும், ஒரு கழுத்துத் துண்டுக்கும் ஒரே கணக்கு பொருந்தாது.

டார்ட்டன் என்றால் எது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பாவில் (நெடுக்கு இழைகளில்) எந்த நிறங்கள் எந்த வரிசையில் எத்தனை இழைகளாக ஓடுகின்றனவோ, பெரும்பாலும் அதே வரிசை ஊடையிலும் (குறுக்கு இழைகளிலும்) ஓடும்போது உண்டாகும் கட்டமே டார்ட்டன். திரும்பத் திரும்ப வரும் அந்த ஒரு முழு அளவை செட் என்பார்கள். ஒரு டார்ட்டனை அடையாளம் காட்டுவது நிறங்களின் வரிசையும் விகிதமும்தான்; நீலம் கரும்நீலமா வெளிர்நீலமா என்பது அன்று. இது பின்னால் உதவும்.

## குலத்துக்கு ஒரு டார்ட்டன் என்ற வழக்கத்தின் வயது

எந்தத் தெரிவை எடைபோடுவதற்கும் முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் அச்சத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. கட்டத்தைப் பார்த்தே குலத்தை, அதாவது ஒரு தலைவரின் கீழ் ஒன்றிநின்ற குடும்பக் கூட்டத்தை, சொல்லிவிடும் வழக்கம் ஹைலேண்ட் மலைநாட்டில் தொன்றுதொட்டு இருந்தது என்று பலர் நம்புகிறார்கள். கிடைக்கும் சான்றுகள் அதற்கு இடம்கொடுக்கவில்லை. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிரான்ட் குலத்தவரை ரிச்சர்ட் வெய்ட் என்ற ஓவியர் வரிசையாக வரைந்தார். ஒரே குலத்தைச் சேர்ந்த அவர்கள் ஒரே கட்டத்தில் காணப்படவில்லை, ஆளுக்கொரு கட்டம் உடுத்தியிருக்கிறார்கள். 1746 ஏப்ரல் 16 அன்று நடந்த கல்லோடன் போரில், பிரித்தானிய அரியணைக்கு உரிமை கோரிய ஸ்டூவர்ட் இளவரசர் சார்லஸின் பக்கம் நின்றவர்களை அடையாளம் காட்டியது தொப்பியில் செருகிய வெள்ளைத் துணிப்பூ. உடுத்தியிருந்த கட்டம் அன்று. செட்டிநாட்டுக் கண்டாங்கிச் சேலையின் கட்டத்தைப் பார்த்து, உடுத்தியவர் ஒன்பது நகரக் கோயில்களில் எந்தக் கோயிலைச் சேர்ந்தவர் என்று யாரும் சொல்ல முனைவதில்லை. அன்றைய ஹைலேண்ட் நிலையும் ஏறக்குறைய அதுதான். பகுதிக்குப் பகுதி நெசவாளரின் கைவாகும் கிடைத்த சாயமும் ஓரளவு ஒத்திருந்தன, அவ்வளவே.

கல்லோடனுக்குப் பின் வந்த உடைச் சட்டம்தான் டார்ட்டன் விஷயத்தில் அரசு கடுமையாகத் தலையிட்ட ஒரே தருணம். அது யார் எதை உடுத்தலாம் என்று வகுக்கவில்லை. ஹைலேண்ட் ஆண்களும் சிறுவர்களும் ஹைலேண்ட் உடையையே உடுத்தக் கூடாது என்றது. 1747 ஆகஸ்ட் 1 முதல் நடப்புக்கு வந்து 1782 வரை நீடித்த அந்தத் தடையை மீறினால் முதல் முறை ஆறு மாதச் சிறை, மறுமுறை ஏழாண்டு நாடுகடத்தல். படைக்கு அதிலிருந்து விலக்கு இருந்தது. ஆகவே அந்த 35 ஆண்டுகளில் டார்ட்டன் தடையின்றித் தழைத்த இடம் பிரித்தானியப் படையின் ஹைலேண்ட் பிரிவுகள். இன்று குலத்தின் பெயரால் வழங்கும் பல கட்டங்கள் அங்கே பிறந்தவை. பிளாக் வாட்ச் என்ற படைப்பிரிவின் கரும்பச்சை, கருநீலக் கட்டத்தின் மேல் ஒரு மஞ்சள் கோட்டை ஓட்டினால் அது கார்டன் டார்ட்டன். 1793இல் கார்டன் டியூக் புதிய படை திரட்டியபோது, ஹன்ட்லி ஊரின் நெசவு வணிகர் வில்லியம் ஃபோர்சைத் ஒரு கோடு, இரண்டு கோடு, மூன்று கோடு என்று மூன்று மாதிரிகளைக் காட்ட, டியூக் ஒரு கோட்டைத் தேர்ந்தெடுத்தார் என்பது பதிவான செய்தி. வெள்ளையும் சிவப்புமான கோடுகளை ஓட்டினால் அது மெக்கன்சி.

1815இல் லண்டன் ஹைலேண்ட் சங்கம், ஒவ்வொரு குலத்தலைவரும் தம் குலத்தின் டார்ட்டன் துண்டு ஒன்றை முத்திரையிட்டு அனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. மெக்டொனால்ட் பிரபுவின் பதில் அழகானது: மெக்டொனால்ட் டார்ட்டன் எது என்று தமக்கு உண்மையில் தெரியாது, சங்கமே தேடி உண்மையான மாதிரி ஒன்றைப் பெற்றுத் தர வேண்டும் என்று அவர் எழுதினார். 1822இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தார். நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் முன்னின்று நடத்திய அந்த வரவேற்புக்கு எல்லாரும் தத்தம் டார்ட்டனில் வர வேண்டும் என்று ஆனபோது, பானக்பர்ன் ஊரின் வில்சன் நெசவாலைக்கு வேலை மலைபோல் குவிந்தது. எண்களாலும் ஊர்ப்பெயர்களாலும் விற்றுக்கொண்டிருந்த கட்டங்களுக்குக் குலப்பெயர்கள் ஒட்டிக்கொண்டன. இருபது ஆண்டுகள் கழித்து, தம்மை இளவரசர் சார்லஸின் பேரர்கள் என்று சொல்லிக்கொண்ட இரு சகோதரர்கள், பழைய சுவடி ஒன்றிலிருந்து எடுத்ததாகக் கூறி ஒரு டார்ட்டன் தொகுப்பை வெளியிட்டார்கள். அது புனைவு என்று பின்னர் உறுதிப்பட்டது. அதற்குள் அதிலிருந்த கட்டங்கள் பல குலங்களின் அதிகாரபூர்வ டார்ட்டன்களாகிவிட்டன, இன்றும் அப்படியே இருக்கின்றன.

இதைச் சொல்வது குல டார்ட்டன்களைக் கேலி செய்வதற்காக அன்று. இருநூறு ஆண்டுகளாக ஒரு குடும்பம் ஒரே கட்டத்தை உடுத்தி மணந்து, போருக்குப் போய், புதைக்கப்பட்டிருந்தால், அது தொடங்கிய இடம் வணிகரின் மேசையாக இருந்தாலும் அந்தக் கட்டம் அந்தக் குடும்பத்துடையதுதான். ஆனால் நாள்பட்ட இரத்த உரிமையை மீறுகிறோம் என்ற அச்சத்துக்கு வரலாற்றில் ஆதாரம் இல்லை.

## தந்தைவழிப் பெயரின் டார்ட்டன்

உங்கள் குடும்பப் பெயர் மெக்கன்சி, மன்றோ, ஃப்ரேசர் போன்று தெளிவான ஒரு குலத்தின் பெயராக இருந்தால், இதுவே மிக எளிய தெரிவு. விடை ஒரே சொல்லில் முடிகிறது. யாரும் மறுகேள்வி கேட்பதில்லை. துணியும் பெரும்பாலும் ஆலை இருப்பில் கிடைக்கும். கழுத்துப்பட்டை, கழுத்துத் துண்டு, சால்வை ஆகியவையும் அதே கட்டத்தில் ஆயத்தமாக விற்கின்றன.

இருந்தாலும் பெயர் ஒத்தால் வமிசமும் ஒத்தது என்று கொள்ளக் கூடாது. ஒரு தலைவரின் நிலத்தில் குடியிருந்தவர்கள், இரத்த உறவு இல்லாமலே அவருடைய பெயரைச் சூடிக்கொண்ட வழக்கம் ஹைலேண்ட்ஸில் பரவலாக இருந்தது. இதற்கு மறுபுறமும் உண்டு: 1603இல் மெக்ரெகர் என்ற பெயரையே அரசு தடைசெய்தது. அந்தத் தடை இடையில் நீங்கி, மீண்டும் வந்து, 1774இல்தான் முற்றாக விலகியது. அந்தக் காலத்தில் மெக்ரெகர்கள் மர்ரே, டிரம்மண்ட், கேம்பெல் என்று வேறு பெயர்களில் வாழ்ந்தார்கள். மலைநாட்டுக் கதைகளில் புகழ்பெற்ற ராப் ராய் மெக்ரெகரே தாயின் பெயரான கேம்பெல்லைப் பயன்படுத்தியவர். எனவே இன்று கேம்பெல் என்று பெயர் கொண்ட ஒருவர் வமிசத்தால் மெக்ரெகராக இருக்கக்கூடும். பெயர் ஒரு வாசல். அதற்கு மேல் அதன் மீது பாரம் ஏற்ற வேண்டாம்.

சென்னை வாசகர்களுக்கு மெக்கன்சி சுவடிகள் வழியாக அறிமுகமான காலின் மெக்கன்சியை எடுத்துக்கொள்வோம். அவர் லூயிஸ் தீவின் ஸ்டோர்னவேயில் பிறந்தவர். லூயிஸ் தீவு மெக்கன்சித் தலைவர்களின் ஆட்சியில் இருந்தது. பெயரும் ஊரும் ஒரே திசையைக் காட்டும் இத்தகைய நிலையில் தயங்க எதுவுமில்லை. ஆனால் அவருடைய இளமை முழுவதும் உடைத் தடைக் காலத்திலேயே கழிந்தது. அது நீங்கிய மறு ஆண்டு, 1783இல், அவர் சென்னையில் வந்து இறங்கினார். இன்று அவர் பெயரோடு நாம் தன்னியல்பாகச் சேர்த்துவிடும் கட்டம் அவருக்கு ஒரு படைப்பிரிவின் சீருடையாகத்தான் தோன்றியிருக்கும்.

மறைந்துள்ள சிக்கல் ஒன்று இருக்கிறது. ஒரே பெயரில் பல கட்டங்கள் விற்கப்படுகின்றன. கடையில் இருப்பதெல்லாம் குலத்தலைவர் ஏற்றுக்கொண்டவை அல்ல. கேம்பெல் குலத்தலைவரான ஆர்கைல் டியூக் ஏற்பவை நான்கே: பிளாக் வாட்சோடு ஒத்த பொதுக் கேம்பெல் கட்டம், பிரெடல்பேன், காடர், லௌடன். மஞ்சளும் வெள்ளையும் கோடிட்டு "ஆர்கைல் கேம்பெல்" என்று விற்கப்படும் துணி இந்த நான்கில் இல்லை. வாங்கும் முன் அந்தக் குலச் சங்கம் எதை ஏற்கிறது என்று பார்ப்பது பத்து நிமிட வேலை.

## தாய்வழி, மணவழி உறவின் டார்ட்டன்

தாயின் பெயருக்கோ பாட்டியின் பெயருக்கோ உரிய டார்ட்டனை உடுத்துவது இன்று இயல்பாக ஏற்கப்படுகிறது. தந்தைவழிப் பெயருக்கு டார்ட்டன் இல்லாத ஸ்காட்டியர்களே இதைச் செய்கிறார்கள். "என் அம்மாவைப் பெற்றவர்கள் ராபர்ட்சன்கள்" என்பது, எங்கோ ஒரு பட்டியலிலிருந்து எடுத்த பெயரைவிட உயிருள்ள விடை.

மண உறவில் மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும். மருமகனாகவோ மருமகளாகவோ போகிறவர் அந்தக் குடும்பத்தின் கட்டத்தை உடுத்தலாமா என்றால், உடுத்தலாம். ஆனால் அவர்களிடம் கேட்டுவிட்டு உடுத்த வேண்டும். கேட்பதே ஒரு மரியாதை. பல வீடுகளில் மாமனார் தாமே வாங்கிக் கொடுத்துவிடுவார், கேள்விக்கே வேலை இருக்காது. விருந்தினராக மட்டும் போகிறவர் மணமகன் வீட்டாரின் டார்ட்டனை உடுத்திப் போவது வேறு விஷயம்: தவறு என்று யாரும் சொல்ல மாட்டார்கள், ஆனால் மாப்பிள்ளைத் தோழர்கள் வரிசையில் அழைக்கப்படாமலே நுழைந்ததுபோல் தோன்றும்.

பழம்பகையைப் பற்றியும் கேட்கிறார்கள். 1692இல் கிளென்கோவில், கேம்பெல் அதிகாரி ஒருவரின் தலைமையில் வந்த படை, விருந்தோம்பிய மெக்டொனால்டுகளையே கொன்றது. அந்தப் பள்ளத்தாக்கின் விடுதி ஒன்றில் கேம்பெல்களுக்கு அனுமதி இல்லை என்ற பலகை இன்றும் வேடிக்கையாகத் தொங்குகிறது. மெக்டொனால்ட் வீட்டுத் திருமணத்துக்குக் கேம்பெல் கட்டத்தில் போனால் இரவு முழுவதும் நகைச்சுவைக்கு ஆளாவீர்கள். அதைத் தாண்டி ஒன்றும் நேராது.

## செப்ட் பட்டியல் வழி வரும் டார்ட்டன்

சுற்றுலாக் கடைகளில் பெயரைச் சொன்னால் ஒரு பட்டியலைப் புரட்டி, "நீங்கள் இன்ன குலத்தின் செப்ட்" என்பார்கள். செப்ட் என்றால் ஒரு குலத்தைச் சார்ந்து வாழ்ந்த, வேறு பெயர் கொண்ட குடும்பம். கருத்து பழையது, உண்மையானதும்கூட. ஆனால் கடைகளில் புரட்டப்படும் நீண்ட பட்டியல்கள், எல்லாப் பெயருக்கும் ஒரு டார்ட்டன் விற்க வேண்டும் என்ற வணிகத் தேவையால் 19ஆம் நூற்றாண்டில் பெருத்தவை. மில்லர் என்றால் மெக்ஃபார்லன், டெய்லர் என்றால் கேமரன். மாவரைத்தவரும் துணி தைத்தவரும் ஸ்காட்லாந்தின் ஒவ்வோர் ஊரிலும் இருந்திருக்க, தொழிலால் வந்த பெயர்கள் எல்லாம் ஒரே குலத்தில் எப்படிப் போய்ச் சேரும்?

இலங்கைத் தமிழர் நன்கறிந்த பெயர் ஒன்றை இதற்குச் சான்றாக வைக்கலாம். 1867இல் கண்டிக்கு அருகே லூல்கந்துரா தோட்டத்தில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர் ஒரு ஸ்காட்டியர். பட்டியல்படி அவர் கேமரன் டார்ட்டன் உடுத்த வேண்டும். கேமரன்களின் நிலம் மேற்கு ஹைலேண்ட்ஸின் லொகாபர். டெய்லரோ கிழக்குக் கரையோரக் கிங்கார்டின்ஷயரில், ஓக்கன்பிளே என்ற சிற்றூருக்கு அருகில் பிறந்தவர். அந்த நிலத்துக்கும் லொகாபருக்கும் இடையே கிராம்பியன் மலைகள் படுத்திருக்கின்றன. அவர் குடும்பத்துக்கும் கேமரன் தலைவருக்கும் தொடர்பு இருந்தது என்று சொல்லப் பெயரைத் தவிர எதுவும் இல்லை.

எனவே செப்ட் வழியை நான் இப்படி எடைபோடுவேன்: உங்கள் முன்னோர் அந்தக் குலத்தின் நிலப்பகுதியிலேயே வாழ்ந்தார்கள் என்று ஞானஸ்நானப் பதிவோ கல்லறைக் கல்லோ காட்டினால், அது குலப்பெயர் அளவுக்கே வலுவான தெரிவு. பட்டியல் மட்டுமே ஆதாரம் என்றால், எல்லாத் தெரிவுகளிலும் நலிந்தது இதுதான். உறவே இல்லை என்று ஒப்புக்கொண்டு பொதுக் கட்டம் உடுத்துவதைவிடவும் நலிந்தது, ஏனென்றால் அங்கே பொய் இல்லை.

## ஊர், மாவட்ட டார்ட்டன்

மூன்றாம் வகையினருக்கும், பட்டியலில் மட்டும் பெயர் உள்ளவர்களுக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். கிளாஸ்கோ, அபர்டீன், எடின்பரோ, பெய்ஸ்லி, காலோவே, ஸ்கை தீவு என்று நகரங்களுக்கும் பகுதிகளுக்கும் டார்ட்டன்கள் உள்ளன. அந்த ஊரில் பிறந்தவர், வாழ்பவர், படித்தவர், அதன் மேல் பற்றுக் கொண்டவர் என யாரும் உடுத்தலாம். குலத்தலைவர் இல்லை, இசைவு கேட்க வேண்டியதில்லை. "ஆறு ஆண்டுகள் கிளாஸ்கோவில் இருந்தேன்" என்பது முழுமையான விடை, அதைக் கேட்கும் கிளாஸ்கோக்காரரின் முகம் மலர்வதையும் காணலாம்.

இவை ஏதோ அண்மைக் கற்பனை என்று ஒதுக்கவும் முடியாது. கிளாஸ்கோ, அபர்டீன் என்ற பெயர்களில் வில்சன் நெசவாலை துணி விற்றது, பல குலங்கள் தங்களுக்கென்று ஒரு கட்டத்தை முடிவு செய்வதற்கு முன்பே. பெய்ஸ்லி கட்டம் 1952இலும் ஸ்கை கட்டம் 1990களிலும் வந்தவை. அதனால் மதிப்புக் குறைந்துவிடவில்லை. ஸ்கை டார்ட்டனின் ஊதாவும் பச்சையும் அந்தத் தீவின் புதர்ப்பூ மண்டிய சரிவுகளைப் பார்த்தவருக்கு விளக்கம் இல்லாமலே புரியும்.

கடல் கடந்த இடங்களுக்கும் இப்படி உண்டு. 1953இல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் பெஸ்ஸி மர்ரே என்பவர் ஆடு வளர்ப்புக் கண்காட்சிக்காகத் துணியில் ஒரு காட்சி அமைத்தார். அதில் ஓர் இடையனுக்குக் கில்ட் உடுத்த வேண்டியிருந்தது. எந்தக் குலத்தின் கட்டத்தைப் போட்டாலும் மற்றக் குலத்தாருக்கு மனக்குறை வருமே என்று கடலும் பாறையும் காடும் நினைவுக்கு வரும் நிறங்களில் புதிய கட்டம் ஒன்றைத் தாமே வகுத்தார். அதுவே அந்த மாகாணத்தின் டார்ட்டனாகி, 1956இல் எடின்பரோவில் குலச்சின்ன அதிகாரியான லார்ட் லயனின் பதிவேட்டிலும் ஏறியது. நம் வாசகர்களின் கேள்விக்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் கண்ட விடை இது.

மறைந்த செலவு துணியில் இருக்கிறது. பெரிய நகரங்களின் கட்டங்கள் எளிதில் கிடைக்கும்; சிறிய பகுதிகளின் கட்டங்களைச் சொல்லித்தான் நெய்விக்க வேண்டும். ஒரு கில்ட்டுக்காக ஆலை தனியாகப் பாவு ஓட்டுவதென்றால் யார்டு விலை கூடும், வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வாடகைக் கடைகளில் இவை அரிது. திருமணம் அடுத்த மாதம் என்றால் இந்த வழி அடைபட்டுவிடலாம்; கழுத்துப்பட்டையோ தோள்துண்டோ மட்டும் அந்த ஊர்க் கட்டத்தில் வாங்கிக்கொண்டு, கில்ட்டை ஒற்றை நிற ட்வீட்டில் (முரட்டுக் கம்பளித் துணியில்) எடுப்பது நல்ல இடைவழி.

## பொது டார்ட்டன்

பிளாக் வாட்ச், கலிடோனியா, ஹன்டிங் ஸ்டூவர்ட், அண்மைக்கால "ஃபிளவர் ஆஃப் ஸ்காட்லாந்து" போன்றவை எவரும் உடுத்தத்தக்கவை என்று வழக்கத்தில் நிலைத்தவை. எல்லா ஆலைகளிலும் எல்லாக் கனத்திலும் இருக்கும், வாடகைக்கும் கிடைக்கும். ஒரே ஒரு நாளைக்கு, குறைந்த செலவில், குறுகிய காலத்தில் என்றால் இதற்கு ஈடில்லை. குறை ஒன்றுதான்: "எல்லாருக்கும் உரியது" என்று சொன்னதும் பேச்சு முடிந்துவிடும். அது சிலருக்கு நிம்மதியும்கூட.

ராயல் ஸ்டூவர்ட்டின் சிவப்புக் கட்டம் மன்னரின் தனிப்பட்ட டார்ட்டன் என்பது முறை. நடைமுறையிலோ அது ரொட்டிப் பெட்டி முதல் போர்வை வரை எங்கும் இருப்பதால் யாரும் தடுப்பதில்லை. ஆனால் பால்மொரால் டார்ட்டனைத் தொட வேண்டாம். விக்டோரியா அரசியின் கணவர் ஆல்பர்ட் 1853இல் வகுத்த அந்தச் சாம்பல் நிறக் கட்டம் அரச குடும்பத்துக்கும் அவர்கள் இசைவு பெற்றவர்களுக்கும் மட்டுமே. இந்தக் கட்டுரையில் "கூடாது" என்று நான் உறுதியாகச் சொல்வது இது ஒன்றைத்தான்.

## கல்லூரி, சமயம், படை

பல்கலைக்கழகங்கள் பலவற்றுக்கும் தத்தம் டார்ட்டன் உண்டு. பட்டமளிப்பு விழாவுக்கு அதைவிடப் பொருத்தமானது வேறில்லை. சீக்கியர், யூதர், இஸ்லாமியர் ஆகியோருக்கும் ஸ்காட்லாந்தில் கட்டங்கள் வகுக்கப்பட்டிருக்கின்றன. யூதருக்கான துணியில் கம்பளியோடு லினன் நூல் கலக்கக் கூடாது என்ற சமய விதியும் கவனிக்கப்பட்டது. படைப்பிரிவின் கட்டத்தை அதில் பணியாற்றியவரின் குடும்பம் உடுத்தினால் பொருள் உண்டு. நிறுவனங்களின் கட்டங்களை அவற்றோடு தொடர்பில்லாதவர் தவிர்ப்பது நல்லது. சிலவற்றுக்கு வடிவமைப்பு உரிமையும் உண்டு.

## புதிதாக ஒன்றை வகுத்துப் பதிவது

2008ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த ஸ்காட்டிய டார்ட்டன் பதிவேடு, 2009 பிப்ரவரி முதல் ஸ்காட்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தின் பொறுப்பில் நடக்கிறது. கட்டணம் செலுத்தி யாரும் புதிய கட்டத்தைப் பதியலாம். ஏற்கெனவே உள்ளவற்றிலிருந்து வேறுபட்டிருக்க வேண்டும். சூட்டும் பெயரோடு விண்ணப்பிப்பவருக்குத் தொடர்பு இருக்க வேண்டும். குலப்பெயர் என்றால் தலைவரின் இசைவு தேவை. பதிவதால் மட்டும் அந்த வடிவமைப்புக்குக் காப்புரிமை கிடைத்துவிடாது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

கணினியில் கட்டம் வரைவது ஒரு மாலைப் பொழுதின் வேலை. பதிவுக் கட்டணமும் பெரிதன்று. பணம் போவது நெய்விப்பதில்தான். ஒரு தனிமனிதருக்கு இது வீண் பெருமையாக முடியக்கூடும். ஆனால் இரு நாட்டுக் குடும்பங்கள் இணையும் திருமணத்தில் பத்துப் பேருக்கு ஒரே துணி வேண்டியிருந்தால், நெய்விக்கும் செலவு பகிர்ந்துபோகும், ஒவ்வொரு நிறத்துக்கும் இரு வீட்டிலிருந்தும் ஒரு காரணம் கிடைக்கும். அந்நிலையில் இதைவிடச் சிறந்த தெரிவு இல்லை என்றே சொல்வேன்.

## பெயரைத் தெரிந்த பின்னும் மீதமிருப்பவை

ஒரே டார்ட்டன் மாடர்ன், ஏன்ஷியன்ட், வெதர்ட் என்று மூன்று நிறத்தொகுதிகளில் கிடைக்கும். இவை வயதைக் குறிப்பதாக எண்ணி ஏமாற வேண்டாம். மாடர்ன் என்பது செயற்கைச் சாயத்தின் அடர்ந்த நிறங்கள். ஏன்ஷியன்ட் என்பது தாவரச் சாயத்தை நினைவூட்டும் வெளிர்நிறங்கள். வெதர்ட் என்பது வெயிலிலும் மழையிலும் கிடந்து மங்கியதுபோன்ற பழுப்பும் சாம்பலும். மூன்றும் ஒரே டார்ட்டனே. சிவப்பு உறுத்துகிறது என்று குலத்தையே மாற்றிக்கொள்ள நினைப்பவர் முதலில் இந்த மூன்றையும், பச்சை மிகுந்த ஹன்டிங் வகை இருந்தால் அதையும் பார்க்கட்டும். வெள்ளை மிகுந்த டிரெஸ் வகை பெரும்பாலும் நடனக்காரர்களுக்கு உரியதாகிவிட்டது.

கனமும் ஒரு முடிவு. மரபான எட்டு யார்டு கில்ட்டுக்கு யார்டுக்கு 13 அல்லது 16 அவுன்ஸ் எடையுள்ள கம்பளியே மடிப்பு நிற்கத் தக்கது. ஸ்காட்லாந்தின் காற்றில் அது பாரமாகத் தெரியாது. அதையே சித்திரை மாதச் சென்னையில் உடுத்த நினைப்பவர் கில்ட்டை விட்டுக் கழுத்துப்பட்டையோடு நிறுத்திக்கொள்வது உடம்புக்கு நல்லது. செட் பெரிதாக உள்ள கட்டங்களில் மடிப்பு ஒவ்வொன்றும் கூடுதல் துணியை விழுங்கும். சிறுவர்களுக்குத் தைக்கும்போது முன்பக்கத்தில் ஒரு முழுக் கட்டமே அடங்காமல் போவதும் உண்டு.

குடும்பத்தில் பலருக்கு வேண்டுமானால் ஒரே முறையில் வாங்கிவிடுங்கள். அண்ணனுக்கு இப்போதும் தம்பிக்கு அடுத்த ஆண்டும் என்று வாங்கினால், சாயத் தொகுதி மாறி, ஒரே புகைப்படத்தில் இரண்டு நீலங்கள் தெரியும். மாதிரித் துண்டு வரவழைத்துப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். ஆர்டர் கொடுக்கும்போது பெயரை மட்டும் எழுதாமல் பதிவேட்டு எண்ணையும் எழுதுங்கள்: மெக்லவுட் என்று மட்டும் எழுதினால், ஹாரிஸ் கிளையின் அடக்கமான நீலமும் பச்சையும் வரலாம், லூயிஸ் கிளையின் கண்கூசும் மஞ்சளும் வரலாம்.